அச்சங்குளத்தில் ‘ஆபீஸ்’ என்றால் என்ன?

காலை நேரத்தில் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஏதாவது ஒன்றின் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். தூரத்தில் வேன் தெரிந்ததும் ஒரு குரல் கேட்கும்: “யக்கா, ஆபீஸ் வண்டி வந்துருச்சு!”

வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடம் குழம்பிப்போவார்கள். சுற்றிலும் கரிசல் காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம், நடுநடுவே மக்காச்சோளம். இதில் ஆபீஸ் எங்கே இருக்கிறது?

இருக்கிறது. ஒன்றிரண்டல்ல, ஆயிரத்துக்கும் மேல். விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி ஆலைக்குப் பெயர் ‘தீப்பெட்டி ஆபீஸ்’. பட்டாசு ஆலைக்குப் பெயர் ‘ஃபயர் ஆபீஸ்’. மேசை, நாற்காலி, ஃபைல் எதுவும் இல்லாமல், தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து வெடிமருந்தைத் தொட்டு வேலை செய்யும் இடம். ஆனாலும் ஏட்டில் பெயர் எழுதி, வாரக் கூலி எண்ணிக் கொடுக்கிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் அதுவும் ஆபீஸ்தான். “மக எங்க வேலை பாக்குறா?” என்று கேட்கும் சொந்தக்காரரிடம், “ஆபீஸுக்குப் போறா” என்று சொல்லும்போது ஒரு அம்மாவின் குரலில் வரும் சின்ன நிம்மதியையும் அந்தச் சொல் சேர்த்தே சுமக்கிறது.

சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சிவகாசி என்று நீளும் இந்தப் பட்டாசுப் பூமியில்தான் அச்சங்குளம் இருக்கிறது. காராச்சேவுக்குப் பேர்போன சாத்தூரிலிருந்து கொஞ்ச தூரம்தான். வானம் பார்த்த பூமி. விவசாயம் பொய்த்த ஊர்களுக்குத் தீக்குச்சியும் வெடியும்தான் சோறு போட்டன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி, அதன் பின்னால் பட்டாசு, அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்க அச்சகம் என்று வரிசையாக வளர்ந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு பெயர் வைத்ததாகச் சிவகாசியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நூறு வருடமாக ஒரே தொழிலைச் செய்யும் ஊரில் தனியாக ஒரு பாஷை உருவாகாமல் இருக்குமா?

பள்ளிக்கூடத்தில் படித்த குழூஉக்குறி ஞாபகம் இருக்கிறதா? ஒரு தொழில் செய்கிறவர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றிச் சொல்வது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்பதும் அதற்கு உதாரணமாகத் தமிழ் வகுப்பில் சொல்லப்படும். ஏழு, எட்டு நூறு வருடங்களுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். கூடவே இன்னும் இரண்டைச் சேர்த்தார். கூசும் சொல்லை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் ஒன்று. கெட்டதை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலம் இன்னொன்று. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பது, விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பது எல்லாம் மங்கலம்.

தேர்வு முடிந்ததும் நாமெல்லாம் மறந்துவிட்ட பாடம். பட்டாசு ஊர்களில் அதுதான் அன்றாடப் பேச்சு.

முதல் சொல் ‘மருந்து’. நம் வீட்டில் மருந்து என்றால் மாத்திரை, கஷாயம். அச்சங்குளம் பக்கத்தில் மருந்து என்றால் வெடி உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கலந்த கலவை. ‘மருந்து கலக்குறவர்’ என்றால் ஆலையிலேயே ஆபத்தான வேலையைச் செய்கிறவர் என்று அர்த்தம். ‘மருந்து செலுத்துற ரூம்’ என்றால் குழாய்க்குள் அந்தக் கலவையை நிரப்பும் அறை. உயிரைக் காப்பதற்கும் உயிரை எடுப்பதற்கும் ஒரே சொல். வெடிமருந்து என்ற முழுச் சொல்லில் இருந்து ‘வெடி’யைக் கழற்றிவிட்டு ‘மருந்’தை மட்டும் புழங்குகிறார்கள். வாய்க்குச் சுருக்கம் என்று சொல்லலாம். பவணந்தியிடம் கேட்டால் மங்கலம் என்பார்.

மருந்துக்கு ஒரு தம்பி உண்டு. அவன் பெயர் ‘மணி மருந்து’. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற ஃபேன்சி ரகங்களுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள்தான் அவை. வண்ணம் கொடுக்கும் ரசாயனங்களை ஈரமாகப் பிசைந்து, மணிமணியாக்கி, காய வைத்து எடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கும் ஒவ்வொரு வண்ணமும் முதலில் ஒருவருடைய கையில் மணி மருந்தாக இருந்ததுதான். பார்க்க மிளகு மாதிரி அப்பாவியாக இருக்கும். இந்த வட்டாரத்து விபத்துச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் பெயரும் இதுதான்.

அடுத்தது ‘பச்சை உப்பு’. இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இந்த உப்பு பச்சையாக இருக்காது. வெள்ளை வெளேரென்று இருக்கும். எரியும்போது சுடர் பச்சையாக வருவதால் இந்தப் பெயர். வேதியியல் புத்தகத்தில் இதற்குப் பேரியம் நைட்ரேட் என்று பெயர். பச்சைச் சுடருக்கு மட்டுமில்லாமல், கலவை எரிவதற்கு ஆக்சிஜன் தரும் பொருளாகவும் பல ரகப் பட்டாசுகளில் இது வேண்டியிருந்தது. நச்சுத்தன்மை உடையது என்பதால், 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. 2015ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் போடப்பட்ட வழக்கு அது.

டெல்லித் தீர்ப்பில் இருந்த சொல் ‘பேரியம்’. அது இங்கே வந்து இறங்கியபோது ‘பச்சை உப்பு’ ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன, மாதக்கணக்கில் வேலை இல்லை. பேரியம் என்றால் என்னவென்று தெரியாத வீடுகளில்கூடப் ‘பச்சை உப்பு பிரச்னை’ என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அடுப்பு எரிவது அதில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது!

அதே தீர்ப்பில் இன்னொரு சொல் விளையாட்டும் உண்டு. ஒன்றோடு ஒன்று கோத்த வெடிகளை, வடக்கத்தி வழக்கில் ‘லரி’ என்று குறிப்பிட்டுத் தடை செய்தார்கள். இங்கே யாருக்கு லரி தெரியும்? சரவெடி என்றதும்தான் புரிந்தது. சரம் பின்னுவதே பல வீட்டுப் பெண்களின் கைத்தொழில். ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று நாம் கேட்டு வாங்கும் ‘வாலா’வும் இந்திதான். ‘பிஜிலி’ என்றால் இந்தியில் மின்னல். மத்தாப்பு பாரசீகத்திலிருந்து வந்தது, மூலச் சொல்லுக்கு நிலவொளி என்று பொருள். சிவகாசி வெடிக்குள் பாதி இந்தியாவின் பாஷை கிடக்கிறது. சந்தை எங்கே இருக்கிறதோ, பெயரும் அங்கிருந்து வந்துவிடுகிறது.

தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு வந்தது. அதற்கும் சங்கேதப் பெயர்கள். நாக்பூரில் இருக்கும் ‘நீரி’ ஆராய்ச்சி நிறுவனம் வைத்தவை: ஸ்வாஸ், ஸ்டார், சஃபல். ஆங்கிலச் சொற்றொடர்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர்கள்தான். ஆனால் இந்தி தெரிந்தவர் காதில் ஸ்வாஸ் ‘மூச்சு’ என்றும், சஃபல் ‘வெற்றி’ என்றும் விழும். விஞ்ஞானிகளும் மங்கலம் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள் போலிருக்கிறது.

நாக்பூரா, சென்னையா, டி.ஆர்.ஓ.வா?

டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டால் இப்படி ஒரு வரி வரும்: “அது நாக்பூரா, சென்னையா?” ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலையின் லைசென்ஸைப் பற்றிய பேச்சு அது.

மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்கு, ‘பெசோ’ என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் அந்தத் துறைக்கு, தலைமையகம் நாக்பூரில். பெரிய ஆலைகளுக்கு அங்கிருந்து உரிமம் வரும். அடுத்த நிலைக்குச் சென்னை அலுவலகம். ஒரு நேரத்தில் 15 கிலோ வரை மட்டும் கையாளும் மிகச் சிறிய ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுக்கும். அதைக் கையாள்பவர் மாவட்ட வருவாய் அலுவலர் என்பதால் அது ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’. இதில் 500 கிலோ வரை சென்னை, அதற்கு மேல் நாக்பூர். இந்த மூன்று சொல்லில் ஒன்றைச் சொன்னால் போதும். ஆலை எவ்வளவு பெரிது, எத்தனை அறை இருக்கும், எந்த ரகம் செய்யலாம், முதலாளியின் கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். பெண் பார்க்கப் போகும் இடத்தில்கூட இந்தக் கேள்வி உதவும் என்று கிண்டலாகச் சொல்லலாம்.

இவை எல்லாம் வெளிச்சத்தில் புழங்கும் சொற்கள். இருட்டில் புழங்குபவையும் உண்டு.

‘கருந்திரி’ அப்படி ஒன்று. வெடியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் திரிதான். நூலில் கருமருந்தை ஏற்றிச் செய்வது. உரிமம் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டியதை, வீட்டுத் திண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியில் ‘இத்தனை குரோஸ் கருந்திரி பறிமுதல்’ என்று வரும். குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144. மற்ற ஊர்களில் அகராதிக்குள் போய்விட்ட இந்த அளவு, இங்கே போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது.

‘மரத்தடி’ என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு நிழல் நினைவுக்கு வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு விதிமீறல் நினைவுக்கு வரும். அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருக்கும்போது, மிச்சப் பேரை வெளியே மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்குவதைக் குறிக்கும் சொல் அது. ‘தகர செட்’டும் அப்படித்தான். காட்டுக்குள் தகரத்தை நட்டு, உரிமம் இல்லாமல் வெடி செய்யும் இடம். ஆபத்து என்று எழுதிய பலகை எதுவும் அங்கே இருக்காது. பார்க்க ஆடு அடைக்கும் கொட்டகை மாதிரி இருக்கும்.

இந்த வரிசையில் எல்லாவற்றையும் விடக் கனமான சொல் ‘உள்குத்தகை’.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையின் அறைகளைப் பிரித்து, நாலு அறை இவருக்கு, ஆறு அறை அவருக்கு என்று வாடகைக்கு விட்டுவிடுவார். எடுத்தவர் கொடுத்த பணத்தைச் சீசனுக்குள் திருப்பி எடுத்தாக வேண்டும். அறைக்கு நாலு பேர் என்ற கணக்கு எட்டுப் பேர் ஆகும். பக்கத்து அறையில் யார், என்ன மருந்து, எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது இந்த அறைக்காரருக்குத் தெரியாது. காகிதத்தில் ஒரே ஆலை, உள்ளே நாலைந்து முதலாளிகள். சட்டத்துக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டுக்கு ஊரெல்லாம் தெரிந்த பெயர் உள்குத்தகை.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்தது. ஓர் அறையில் பிடித்தது அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. வெடித்து ஓயும்வரை தீயணைப்பு வண்டிகள் அருகே போவதே சிரமமாக இருந்தது. முதல் இரண்டு நாட்களிலேயே இறந்தவர்கள் எண்ணிக்கை 19ஐத் தொட்டது. மருத்துவமனையில் இருந்தவர்களில் சிலர் பிறகு இறந்தார்கள். பெரும்பாலும் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து காலையில் ‘ஆபீஸுக்கு’க் கிளம்பி வந்தவர்கள். உரிமையாளரோடு சேர்த்து, அறைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மீதும் போலீஸ் வழக்குப் பதிந்தது. டீக்கடையில் மட்டும் புழங்கிய சொல், அன்று எல்லாத் தொலைக்காட்சியிலும் கேட்டது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது.

இந்த மாதிரி நாட்களின் மறுநாள் பேப்பரை எடுத்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக’. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் பல பத்து உயிர்கள் போனபோதும் பேசப்பட்டது உராய்வுதான். அச்சங்குளத்திலும் உராய்வுதான். அறிவியல்படி பொய் இல்லை. உலோகம் உரசினாலும், மணி மருந்து ஒன்றோடொன்று தேய்ந்தாலும், உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் பொறி தட்டினாலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் விதிப்படி நடக்கும் ஆலைகளில் பருத்தி ஆடை, அறைக்குள் நுழையும் முன் தொட்டுவிட்டுப் போகப் பித்தளைத் தகடு, செல்போனுக்குத் தடை என்று இத்தனை கட்டுப்பாடு.

ஆனால் உராய்வு என்பது கடைசி நொடியின் பெயர் மட்டும்தான். அறையில் எட்டுப் பேர் இருந்ததற்கும், முந்தின நாள் மீந்த கலவையை அப்படியே வைத்திருந்ததற்கும், வெயில் ஏறிய பிறகும் மருந்து கலந்ததற்கும் ‘உராய்வு’ என்று பெயர் கிடையாது. யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு சாவை எழுதி முடிக்க உதவும் சொல் அது. தொழிலாளியின் குழூஉக்குறியைவிட இந்தச் செய்தி பாஷைதான் நன்றாக மறைக்கிறது.

அதே நேரம், தொழிலாளியின் பாஷை வெறும் மறைப்பு இல்லை. “இன்னிக்கு மருந்து சூடா இருக்கு, தொடாதீங்க” என்று அனுபவசாலி ஒருவர் சொன்னால் அறையே விலகி நிற்கும். கலவை வேதிவினையில் வெப்பமாகிறது என்று நீளமாக எழுதிய பலகையைப் படித்து முடிக்க அங்கே நேரம் இருக்காது. டிரம்மின் மீது ஆங்கிலத்தில் இருக்கும் ரசாயனப் பெயருக்குப் பக்கத்தில், ‘பச்சை உப்பு’ என்று தமிழில் இரண்டு சொல் எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?

இடைசெவலில் இருந்துகொண்டு கி.ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சை எல்லாம் சேர்த்து 1982ல் ஒரு வழக்குச் சொல்லகராதியே கொண்டுவந்தார். மாடு, மழை, கலப்பை, மண் என்று சம்சாரியின் சொற்கள் அதில் சேர்ந்தன. அதே கரிசலில் கலப்பையை வைத்துவிட்டு மருந்தைத் தொட்ட தலைமுறையின் சொற்களையும் உட்கார்ந்து தொகுக்கலாம். தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அருமையான ஆராய்ச்சி. அவர்களில் பல பேருடைய அம்மாவே நடமாடும் அகராதி.

நமக்கும் இந்தச் சொற்கள் கொஞ்சம் கடன் தந்திருக்கின்றன. வம்பைக் கிளப்பிவிட்டு நகர்கிறவரை ‘கொளுத்திப் போட்டுட்டுப் போறான்’ என்கிறோம். பெரிதாக ஆரம்பித்து ஒன்றுமில்லாமல் போனால் ‘புஸ்வாணம்’. கோபக்காரர் ‘ஊசிப் பட்டாசு’. ஓயாமல் பேசுகிறவர் ‘சரவெடி’. மேடையில் ரகசியத்தை உடைத்தால் ‘அணுகுண்டைத் தூக்கிப் போட்டார்’. மேல் அதிகாரியின் கோபம் ஆறிவிட்டால் ‘நமத்துப்போச்சு’. தமிழ்நாடு முழுக்கச் சிரித்துக்கொண்டே சொல்லும் சொற்கள். அச்சங்குளத்துப் பக்கம் யாரிடமாவது ‘கொளுத்திப் போடு’ என்று விளையாட்டாகச் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிப்பது நல்லது.

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர் சாலைகளில் கடைகளுக்குப் பூஜை போட்டு அந்த வருட விற்பனையை ஆரம்பிப்பார்கள். குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அங்கே கடைசியாக ஒரு ரகசிய பாஷை காத்திருக்கிறது: ‘80 சதவீதம் தள்ளுபடி’. பெட்டியில் அச்சடித்த விலை ஒன்று, பில்லில் வரும் விலை வேறு. ஆயிரம் ரூபாய்ப் பெட்டி இருநூறுக்குக் கிடைக்கும். கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், அது தள்ளுபடியே இல்லை, அதுதான் விலை. ஆனாலும் கால்குலேட்டரைத் தட்டிக் கழித்துக் காட்டினால்தான் வாங்கியவர் முகம் மலர்கிறது.

பில் போடும் நேரத்தில் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். கோடும் இருக்க வேண்டும். செல்போனைக் காட்டினால் அது திறக்க வேண்டும். பெயர் தெரியாத ஆலை, முகவரி இல்லாத பெட்டி, மற்ற கடையைவிடப் பாதி விலை என்று எவராவது நீட்டினால், அது எந்தத் தகர செட்டில், எந்த மரத்தடியில் பின்னிய சரம் என்று இப்போது உங்களுக்குக் கேட்கத் தெரியும். “அண்ணாச்சி, இது நாக்பூரா, சென்னையா?” என்று கேட்டுத்தான் பாருங்களேன். கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.